பல்லக்கா வீட்டில் பேச்சு நின்றபோது

பல் செட் செய்யும் லேபில் அவளைப் 'பல்லக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பல் வேலை பார்க்கிற அக்கா என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். "பல்லக்குல போற மகராணி மாதிரி எங்கக்கா, அவங்களுக்கு என்ன குறைச்சல்?" என்று பிளாஸ்டர் கலக்குகிறவன் கிண்டல் செய்வான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

குறைச்சல் என்று எதைச் சொல்வது? கணவன் குடிப்பதில்லை. கை நீட்டியதில்லை. கேபிள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்; வேலை விட்டால் வீடு. குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன், இருக்கிற இடமே தெரியாது" என்பார்கள்.

அவளுக்கு மட்டும் தெரியும், அவர் இருக்கிற இடம். அவருக்கு ஏதாவது பிடிக்காமல் போனால் பேச்சை நிறுத்திவிடுவார். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. ராத்திரி வரைக்கும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் காலையில் வாய்க்குப் பூட்டுப் போட்டிருப்பார். என்ன தப்பு நடந்தது என்று சொல்ல மாட்டார். அதை அவளே துருவித் துருவிக் கண்டுபிடிக்க வேண்டும். போனில் தங்கையோடு அதிக நேரம் பேசியதா? அவர் அண்ணன் முன்னால் அவர் சொன்ன கணக்கைத் திருத்தியதா? அவள் எதிரே நின்றால் ஜன்னல் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்ப்பது போல அவளைத் தாண்டிப் பார்ப்பார். "உங்கம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு" என்று மகளிடம் சொல்வார். உங்கம்மா கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள்.

சில நாட்களில் முடிந்தால் அதிர்ஷ்டம். சில சமயம் வாரக்கணக்கில் இழுக்கும். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் அவர் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் நீட்டிய காலை மடக்க மாட்டார். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நகர்வாள். கடைசியில் என்ன தப்பு என்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்பாள். கேட்டு, கெஞ்சி, அழுது, ஒரு நாள் அவராகவே "டீ இருக்கா?" என்பார். அவ்வளவுதான், விடுதலை. கையில் பாத்திரத்தை எடுக்கும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் இளகிவிடும். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

லேபில் இருக்கும்போது மட்டும் மூச்சு சீராக வரும். மெழுகைச் சூடாக்கி, வளைவாக இழைத்து, ஒவ்வொரு பல்லாகப் பொருத்துவாள். மேல்வரிசை கீழ்வரிசையோடு உட்காருகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சாயங்காலம் வேலை முடிகிற நேரம் நெருங்கினால் கடிகாரத்தையே பார்க்க ஆரம்பித்துவிடுவாள். வீட்டுப் படியேறும்போதே காது கூர்மையாகிவிடும். டிவி சத்தம் எப்படி இருக்கிறது, இருமல் கேட்கிறதா, மகள் சாதாரணமாகப் பேசுகிறாளா, குசுகுசுக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே ஏறுவாள்.

லேபோடு சேர்ந்த மருத்துவமனையின் பல் டாக்டர் ஒரு நாள் புது கேமரா ஒன்றை வாங்கிவந்தார். வாய்க்குள் விட்டால் பல்லெல்லாம் திரையில் தெரியும். சோதித்துப் பார்க்க ஒரு வாய் வேண்டும். "அக்கா வாயைக் குடுங்க" என்று எல்லோரும் அவளை நாற்காலியில் தள்ளிவிட்டார்கள். திரையில் படம் வந்ததும் டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார்.

"இது உங்க பல்லா, உங்க பாட்டி பல்லா? கடவாய்ப்பல்லு எல்லாம் மழமழன்னு தேஞ்சு கிடக்கே. தூக்கத்துல கடிக்கிறீங்க."

"தெரியாது சார். தாடை வலிக்கும், அவ்வளவுதான்."

"ராத்திரி பல்லுல மாட்டிக்க ஒரு உறை செஞ்சுக்கோங்க, உங்களுக்குத் தெரியாததா? ஆனா உறை பல்லைத்தான் காப்பாத்தும். கடிக்கிறதுக்கு வேற காரணம் இருக்கும். தெரிஞ்ச கவுன்சலர் ஒருத்தங்க இருக்காங்க, போய்ப் பாருங்க."

"கவுன்சிலர்கிட்ட போய் நான் என்னத்தச் சொல்றது சார்? குழாய்ல தண்ணி வரலைன்னா?"

லேபே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்காமல், "மனசுக்குப் பாக்கிறவங்கம்மா. பைத்தியத்துக்கு இல்ல. போயிட்டு வாங்க" என்றார்.

தனக்கான உறையை அன்றைக்கே செய்துகொண்டாள். கவுன்சலரிடம் போக மட்டும் நாளாயிற்று. கணவனிடம் "பல்லுக்குப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை விசிறி. கவுன்சலர் அவளைவிடச் சின்னவள். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் பல்லக்கா தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டாள். சீக்கிரம் வந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். விசிறி உங்கள் பக்கம் திரும்பட்டும் என்றாள். சாப்பிட்டீர்களா என்றாள். பிறகு வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பல்தான் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று ஏதோ சொன்னாள்.

கவுன்சலர் கேட்டுக்கொண்டே வந்தவள், யோசிப்பதற்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

பல்லக்காவுக்குக் கை சில்லிட்டது. காது அடைத்தது. "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா? கோச்சுக்காதீங்க மேடம். எனக்கு ஒழுங்காப் பேசத் தெரியாது, மன்னிச்சுடுங்க..."

"இருங்க, இருங்க" என்றாள் கவுன்சலர். "நான் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். கோவமே இல்ல. இப்ப உங்களுக்குள்ள என்ன நடந்துச்சு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

நாலைந்து முறை போனாள். கணவனைப் பேச வைக்க ஒரு வழி கிடைக்கும் என்று காத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்: "அவர் பேசாம இருந்தா நான் என்ன செஞ்சா பேசுவார் மேடம்? அதச் சொல்லுங்க, போதும்."

"அது எனக்குத் தெரியாதுங்க. அவர் இந்த அறையில இல்லையே. நீங்கதான் இருக்கீங்க. உங்களோட சேர்ந்துதான் நான் பாக்க முடியும்."

இதற்கா பஸ் பிடித்து வந்தோம் என்று அவளுக்குக் கசந்தது. அதோடு போவதை நிறுத்திவிட்டாள்.

திரும்பப் போக வைத்தது ஒரு கண்ணாடி டம்ளர். பேச்சு நின்ற இன்னொரு வாரம். சமையலறையில் அவள் கை தவறி டம்ளர் விழுந்து உடைந்தது. உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் ஓடிவந்து, "சாரிம்மா, சாரி, என் தப்புதான்" என்று குனிந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"நீ எங்கடி தப்புப் பண்ணே? நீ இங்கயே இல்லையே?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பல்லக்கா அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளுடையதுதான்.

மறுபடி கண்ணாடிக் கடை மாடி ஏறினாள். இந்த முறை கணவனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். அம்மாவுக்கு ஏதாவது வருத்தம் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கட்டில் ஓரத்தில் நின்று, "அம்மா, நான் என்ன பண்ணேன்? சொல்லும்மா, இனிமே பண்ண மாட்டேன்" என்று முதுகைப் பார்த்துப் பேசிப் பேசியே வளர்ந்தவள் அவள். தம்பி தங்கைக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வந்து மறுபடி அங்கேயே நிற்பாள். அம்மா எதற்காக அப்படிப் படுத்தாள் என்பது இன்று வரை தெரியாது.

"உங்களாலதான்னு யார் சொன்னாங்க?" என்றாள் கவுன்சலர்.

"யாரும் சொல்லலை. வேற யாரால இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. என்னாலன்னா நானே சரி பண்ணிடலாமே."

சொல்லி முடித்ததும் தான் சொன்னது தனக்கே புதிதாகக் கேட்டது.

மாதங்கள் போயின. மன்னிப்புக் கேட்க வாய் துடிக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனிக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் வயிறு, பிறகு தொண்டை, பிறகு தாடை. கேட்காமல் இருந்தால் செத்துவிடுவோம் போல இருக்கும். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் அது தணியும். எப்போதும் முடிந்தது என்று சொல்ல முடியாது. ஒரு முறை நன்றாகவே தாக்குப்பிடித்துவிட்டு, மறுநாள் குளியலறை வாசலில் அவரை மறித்து மன்னிப்புக் கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். வீடு கலகலப்பாயிற்று. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவரிடம் உண்மையைச் சொன்னாள். பல்லுக்கு இல்லை, மனசுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று.

"வீட்டு விஷயத்தை வீதியில கொண்டுபோய்க் கொட்டிட்டே" என்றார். அத்தோடு கதவு சாத்திக்கொண்டது.

அவர் இருந்ததிலேயே நீளமான மௌனம் அதுதான். அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள், குரல் நடுங்க நடுங்க: "உங்களுக்குக் கோவம்னு தெரியுது. பேசணும்னு தோணும்போது பேசுங்க. நான் போனதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஆனா பொண்ணை நடுவுல இழுக்காதீங்க. எதுவா இருந்தாலும் எங்கிட்டயே கேளுங்க."

அவர் மகள் பக்கம் திரும்பி, "உங்கம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"நீ உள்ள போய்ப் படிம்மா" என்று மகளை அனுப்பிவிட்டு, பல்லக்கா அவர் எதிரிலேயே நின்றாள். அவர் எழுந்து போய்விட்டார்.

கவுன்சலர் ஒன்று சொல்லியிருந்தாள்: "நீங்களும் வாயை மூடிக்கிட்டா அது பழிக்குப் பழியாயிடும். சாதாரணமாப் பேசுங்க." அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு காலையில் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கினார். மெத்தையைத் தூக்கினார், செருப்புக்குள் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஃப்ரிட்ஜ் மேல இருக்கு" என்றாள். அவர் அந்தப் பக்கமே போகாமல், கண்ணாடி இல்லாமலே வேலைக்குப் போனார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பயமாகவும் இருந்தது.

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணன் எளைச்சுப் போயிட்டார் அண்ணி. ஒரு வார்த்தை சாரின்னா உங்க கிரீடம் இறங்கிடுமா?" போனை வைத்த பிறகு அவள் அறை வாசல் வரை போனாள். அவர் முதுகு தெரிந்தது. மன்னிப்பு நுனி நாக்கில் நின்றது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பி வரவும் முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, கால் மரத்துப்போனது. கடைசியில் துவைத்த துணியை மடிக்கப் போனாள்.

ஒரு மாதம் தாண்டிய பிறகு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தம்மாகிட்ட என்னைப் பத்தி என்னென்ன சொன்னே?"

"உங்களைப் பத்திக் கொஞ்சம்தான். எங்கம்மாவைப் பத்தித்தான் நிறைய."

அவர் எதிர்பார்க்கவில்லை. "உங்கம்மாவா? அவங்க என்ன செஞ்சாங்க?"

அவள் கட்டில் கதையைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் சொன்னதில்லை. அவர் வாசலை விட்டு உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. முடித்ததும், "எனக்குக் கோவம் வந்தா தொண்டை அடைச்சுக்குது. பேசினா அசிங்கமா ஏதாவது வந்துடும்னு இருக்கும். அப்புறம் எப்படித் திரும்ப ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது" என்றார்.

"அதை அங்க வந்து சொல்றீங்களா? நானும் கூட இருக்கேன்."

"நான் எங்கயும் வரலை" என்றார் உடனே. வரவும் இல்லை.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் முகம் இறுகியிருந்தது. பழைய வழக்கப்படி அன்றைக்கு என்ன செய்தோம் என்று மனசு துழாவ ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திக்கொண்டு கேட்டாள்:

"கோவம் என் மேலயா?"

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "இல்ல. ஃபேக்டரில ஒரு தகராறு."

"சரி" என்று சாப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனை மௌனத்துக்குத் தனக்குச் சம்பந்தமே இல்லாமல் அழுதிருக்கிறோம் என்று நினைத்தபோது, நிம்மதியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. அதையும் அடுத்த முறை கண்ணாடிக் கடை மாடியில் சொன்னாள். இந்த வீட்டிலேயே இருந்துவிடுவேனா, போய்விடுவேனா என்பது தெரியவில்லை என்றும் சொன்னாள். இரண்டுக்குமே தைரியம் இல்லை என்றாள்.

பேச்சு நிற்பது இன்னும் நின்றபாடில்லை. "ரெண்டு நாள் எங்கிட்ட பேசாதே" என்று சில சமயம் முன்கூட்டியே சொல்கிறார். சில சமயம் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் அவள் இதுவரை வேலைக்கும் கவுன்சலர் அறைக்கும் தவிர வாசலைத் தாண்டியதே கிடையாது. தான் இல்லாத நேரம் பார்த்து அவர் பேசிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். போன வாரம் பேச்சு நின்றிருந்த ஒரு மாலையில், ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வரலாமா என்று மகளைக் கேட்டாள்.

"அப்பா பேசாம இருக்காரேம்மா. போலாமா?"

"போலாம்."

நாற்காலியைக் கடக்கும்போது, "நாங்க நடந்துட்டு வரோம், சாப்பாடு மேசைமேல மூடி வெச்சிருக்கேன்" என்று அவரிடம் சொன்னாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தெருமுனை வரைக்கும் யாரோ பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. திரும்பிவிடலாமா என்று மகளிடம் கேட்கக்கூட வாயெடுத்தாள். மகள் பள்ளியில் நடந்த ஏதோ ஒரு கூத்தைச் சொல்லிக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கதை பாதியில் இருந்தது. பல்லக்கா நடந்தாள்.