தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

எருத்தேன்பதி பால் சொசைட்டியில் பால் அளப்பவர் நெடுநெடுவென்று இருப்பார், காதில் ஒற்றை இயர்போனோடு. தெரிந்தவர் பாலானாலும், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்மானியை இரண்டு முறை முக்கிப் பார்ப்பார்.

அங்கே தினமும் பால் ஊற்றுகிறவன் நான். செல்போனில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடத் தொடங்கிய புதிதில், களத்தில் இறங்கிய நிமிடமே செத்துக்கொண்டிருந்தேன். அவரும் அதை ஆடுகிறவர் என்று அறிந்து வழி கேட்டேன்.

“சாயந்தரம் எங்க ஆட்டத்துக்கு வாங்க. தண்ணித் தொட்டிக்குப் பொறகால பதுங்கிக்கங்க, ஒருத்தனும் வரமாட்டான்.”

பதுங்கினேன். முதுகில் குண்டு பாய்ந்தது. சுட்டது அவர்தான் என்று திரை காட்டியது.

மறுநாள் காலையில், “ஏனுங்க, நீங்கதான அங்க பதுங்கச் சொன்னீங்க?” என்றேன்.

பால்மானியை என் பாலில் முக்கியபடி, “எதுத்து ஆடறவன் சொன்னா நம்பிருவீங்களா?” என்றார்.

கற்றுக்கொடுத்தாரா, கவிழ்த்தாரா, இன்னும் தெரியவில்லை. ஆனால் அவர் அளவைச் சொன்னதும், பால்மானியை நானும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இப்போது நகர்கிறேன்.