மூன்று மூடி

எங்கள் வீட்டில் எது வாங்கப் போனாலும் பழையதைக் கையோடு எடுத்துப் போவார்கள். அம்மா மருந்துக் கடைக்குப் போகும்போது தீர்ந்துபோன மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொள்வாள். அப்பா மண்வெட்டிக்குப் பிடி வாங்க, ஒடிந்த பிடியோடு பஸ் ஏறுவார். எழுத்துத் தெரியாத இருவருக்கும் அதுதான் வழி. கடைக்காரரிடம் நீட்டி, "இதாட்டமே ஒண்ணு குடுங்க" என்றால் முடிந்தது.

எனக்கு அது பிடிக்காது. ஏழாம் வகுப்பில் கோடு போட்ட நோட்டு வாங்க அம்மா என் பழைய நோட்டை எடுத்து வந்தாள். கடைக்காரர் அதை வாங்கிப் புரட்டி, என் கணக்குகளைப் பார்த்து, "புள்ள நெம்பப் படிக்குமாட்ட இருக்குது, அம்மாதான் மாதிரி கொண்டாருது" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு என்ன வேண்டுமென்றாலும் நான்தான் தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

காங்கேயம் பக்கத்துத் தேங்காய்க் களங்களில் காய் உடைத்து, கொப்பரை காயப்போட்டு என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். மின்பொறியியல் படித்தேன். கோயமுத்தூரில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் மோட்டார்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. மின்சாரம் தெரியாத ஒருத்தி செய்த தவறு இல்லை இது.

அம்மாவுக்கு வயிற்றில் புற்று. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். "கேக்கறத வாங்கிக் குடுங்க, போகணும்னு சொல்ற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அவள் பிறந்தது கொடுமுடியில், காவிரிக்கரையில். மாமா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். "ஒருக்கா போயி ஆத்துல காலு நனைச்சுட்டு வந்தர்றேன் கண்ணு."

கொடுமுடி எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். ஆனால் அம்மாவுக்கு பஸ் ஒத்துக்காது. கார் அதைவிட மோசம், கதவைச் சாத்தினதுமே குமட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் வழியெல்லாம் வாந்தி எடுத்து, நோயைவிடக் காரால்தான் அதிகம் துவண்டாள். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். சின்னச் சக்கரம் குழியில் இறங்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனை தாண்டுவதற்குள் இறக்கிவிடச் சொன்னாள்.

"நம்மு வண்டி இருந்தாப் போயிருலாம்" என்றாள்.

நம்மு வண்டி என்பது அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள். இரண்டு சைலன்சர், உதைக்கிற கம்பியே மடங்கிக் கியராகும். நீளமான மெத்தென்ற சீட்டு. அம்மா சாய்ந்துகொள்ளப் பின்னால் ஒரு கம்பி வளைத்து வெல்டிங் வைத்திருந்தார் அப்பா. அவள் வாழ்நாளில் குமட்டாமல் போன வண்டி அது ஒன்றுதான். அப்பாவுக்கு ஒரு கண் மங்கியதிலிருந்து அது மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்றது. அதை ஓட்ட எனக்குத் தெரியும். பேட்டரி மட்டும் செத்துப்போயிருந்தது. பேட்டரி இல்லாமல் கிளம்பாத ரகம்.

அப்பா இன்ஜினைத் துடைத்து, பழைய பெட்ரோலைக் கொட்டி, கார்ப்பரேட்டரைக் கழுவி வைத்தார். பேட்டரியைக் கழற்றி, சாக்குத் துணியில் சுற்றி, ஒயர் கூடையில் போட்டு என் பையின் பக்கத்தில் வைத்தார்.

"இதக் கையில எடுத்துட்டுப் போயிரு கண்ணு."

"எதுக்குங்ப்பா? எனக்குத் தெரியும்."

"எடுத்துட்டுப் போனா ஒரே நடையில முடிஞ்சுரும்."

"இந்தக் கனத்தத் தூக்கிட்டு பஸ்ல ஏறோணுமா? ஆசிட்டு ஒழுகுனா ஒரு பஸ்ஸே நாறிப்போகும். நம்பர் தெரிஞ்சாப் போதுங்க."

 அப்பா கூடையை வாசல்படிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார், நான் மனம் மாறினால் எடுத்துக்கொள்ள வசதியாக. நான் அதைத் தாண்டிப் போனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று துணியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ்ஸிலேயே செல்போனில் தேடினேன். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த வருடத்தையும் வண்டியின் பெயரையும் போட்டதும் ஒரு பட்டியல் வந்தது. பன்னிரண்டு வோல்ட், ஐந்து ஆம்பியர்-மணி என்று இருந்தது. குறித்துக்கொண்டேன். கோயமுத்தூர் காந்திபுரத்தில் பெரிய கடையாகப் பார்த்துப் போனேன்.

"ரொம்பப் பழைய வண்டிங்களே மேடம். பழைய பேட்டரி கொண்டாந்திருந்தா ஒருக்கா பாத்துட்டுக் குடுத்தர்லாம்" என்றார் விற்பவர்.

"நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்ங்க" என்றேன்.

அவர் பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா குளித்து, மாம்பழ நிறச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அவளால் தனியாக எழுந்து நடக்க முடிந்தது. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். அன்று முடிந்தது.

பேட்டரி அதற்கான தட்டில் உட்காரவில்லை. டியூப் வார் போட்டுக் கட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "அக்கட்டால நில்லுங்க எல்லாரும். கோயமுத்தூர் இஞ்சினீரு வண்டி எடுக்கறாங்க" என்றாள்.

"நீ வேணா மின்னாடி ஏறிக்க, கொடுமுடில எறக்கி உட்டர்றோம்" என்றாள் அம்மா.

சாவியைப் போட்டேன். ஹெட்லைட் ஒரு கணம் வெள்ளையாக, கண் கூசும்படி எரிந்து அணைந்தது. ஹாரனை அழுத்தினேன், கீச்சென்று கத்தி நின்றது. பழைய பல்பு, பழைய ஹாரன், போகட்டும் என்று நினைத்தேன். உதைத்தேன். ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. சாவியைப் போட்டபடியே உதைத்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். சீட்டுக்கு அடியிலிருந்து தார் உருகுகிற வாடை வந்தது, பிறகு புகை.

"ஏனுங்க, உங்க புள்ள வண்டிக்குப் பூ மிதி நடத்தறாளா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் ஓடி வந்து சாவியைப் பிடுங்கினார்.

அம்மா கனகாம்பரத்தை எடுக்கவில்லை. "நாளைக்குப் போலாம், ஆறு எங்கீம் போயராது" என்றாள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற, கருகிப்போன காயில் சுருளோடும் ஒயர் கூடையோடும் பஸ் ஏறினேன். கூடை மடியில் இருந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் சண்டை போட்டிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

பழைய வண்டிகளுக்கு பேட்டரி போட்டுக்கொடுக்கும் கடை கோட்டைமேட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். சின்னக் கடை. நடத்துகிறவருக்கு என் வயதுதான் இருக்கும், தலையில் வலைத்தொப்பி. கூடையிலிருந்த துணியை விலக்கினார், ஒரு பார்வைதான்.

"ஆறு வோல்ட்டுங்க."

"நெட்டுல பன்னெண்டுன்னு போட்டிருந்துதுங்ணா."

"நெட்டுல போட்டவரு இந்த வண்டிய ஓட்டுனாருங்களா?" சிரித்துக்கொண்டே பேட்டரியைத் திருப்பிக் காட்டினார். "மூணு மூடி இருக்குது பாருங்க. மூடிக்கு ரெண்டு வோல்ட்டு. சின்னப் புள்ளைகூட எண்ணிச் சொல்லிருமுங்க."

கருப்புப் பெட்டியின் மேல் வரிசையாக மூன்று மூடிகள். ஒரு செல்லுக்கு இரண்டு வோல்ட் என்று இரண்டாம் ஆண்டில் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இதைக் கையில் எடுத்திருந்தால் கண் தானாகவே எண்ணியிருக்கும். பிறகு அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், வெளிநாட்டுக்கு அனுப்பிய வண்டிகளின் விவரம் என்று போட்டிருந்தது. படிக்கத் தெரிந்தவள் அதைப் படிக்கவில்லை.

இரண்டு மடங்கு வோல்ட் பாய்ந்து காயில் வெந்துபோயிருந்தது. அந்த வண்டிக்குப் புதிது கிடைக்காது, பழைய வண்டி பிரிக்கிறவரிடம் சொல்லி வைத்து வாங்க வேண்டும் என்றார். ஒரு வாரம் ஆகலாம். புது பேட்டரியில் ஆசிட் ஊற்றி, முதல் சார்ஜை மெதுவாக ஒரு நாள் முழுக்க ஏற்ற வேண்டும். "அவசரப்பட்டு எடுத்தீங்கன்னா ஆறு மாசத்துல செத்துருமுங்க."

"ஆறு மாசம் வேண்டாங்ணா. ஒரு நாள் ஓடுனாப் போதும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கடைக்கு வெளியே போய் யார் யாருக்கோ போன் செய்தார். பொள்ளாச்சியில் ஒருவரிடம் காயில் இருப்பதாகத் தெரிந்தது, ஆனால் அவர் ஊரில் இல்லை, வெள்ளிக்கிழமைதான் வருவார். "கையில கெடச்சதும் நானே கொண்டாந்து தர்றேன் தங்கச்சி. அம்மாவத் தகிரியமா இருக்கச் சொல்லுங்க." அந்த மூன்று மூடியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் காயிலும் பேட்டரியும் வந்தன. சொன்னபடி அவரே பஸ்ஸில் கொண்டுவந்து, மாட்டியும் கொடுத்தார். பேட்டரி தட்டில் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது.

அந்த ஆறு நாளில் அம்மாவின் வயிற்றில் நீர் கோத்திருந்தது. கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. நானும் அப்பாவும் பக்கத்து வீட்டு அக்காவுமாக அவளை நாற்காலியோடு தூக்கி வந்து சீட்டில் உட்கார வைத்தோம். கால் வண்டியின் மிதிபடியில் நிற்கவில்லை. கம்பியில் சாய்ந்த உடம்பு அப்படியே ஒரு பக்கம் சரிந்தது. அக்கா தாங்கிப் பிடித்தாள். ஒரு நிமிடம் இருக்கும்.

"எறக்கி உட்ருங்க" என்றாள் அம்மா. இறக்கி உட்கார வைத்ததும் என் கையைத் தட்டினாள். "வண்டி நல்லா ஓடுது அம்மணி. அமத்திப் போடு, பெட்ரோலு வீணாப்போகுது."

அவள் ஒருமுறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. தெரிந்துதான் சொல்லாமல் இருந்தாளா, நான் வாங்கியது தவறான பேட்டரி என்பதே அவளுக்குத் தெரியாதா என்று நான் கேட்கவும் இல்லை. அப்பாவுக்குத் தெரியும். அவரும் இன்றுவரை சொன்னதில்லை.

அதிலிருந்து பதினோராவது நாள் அம்மா போனாள்.

சாம்பலைக் கொடுமுடியில் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா கார் அனுப்புகிறேன் என்றார். அப்பா வேண்டாம் என்றார். வேறு காரணம் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "அவளுக்குக் காரு ஒத்துக்காதுங்க" என்று போனில் சொல்லிவிட்டு, மண் கலயத்தைச் சாக்குத் துணியில் சுற்றி, அந்த ஒயர் கூடையில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். குழி வந்த இடத்தில் எல்லாம், "மெதுவா, மெதுவா" என்றார். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தினோம். அம்மாவைக் கூட்டிப் போகும்போது எங்கெங்கே நிறுத்துவதென்று அவர் முன்பே நினைத்து வைத்திருந்த இடங்கள் அவை.

ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. அப்பாவும் மாமாவும் இறங்கினார்கள். "நீயும் காலு நனைச்சுக்க கண்ணு" என்றார் மாமா. நான் படியிலேயே நின்றேன். எனக்கு அதற்கு உரிமை இருப்பதாகப் படவில்லை, இப்போதும் படவில்லை.

திரும்புவதற்கு வண்டியை எடுத்தேன். அப்பா காலிக் கூடையோடு பின்னால் ஏறினார். கம்பியில் சாயாமல் முன்னால் தள்ளியே உட்கார்ந்தார், பின்னால் ஒரு ஆளுக்கு இடம் விட்டதுபோல.

முதல் உதையிலேயே கிளம்பியது.