அக்காவின் ஒரே புத்தகம்

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை முதல் கருமாதி அறிவிப்பு வரை எழுதித் தந்தவர் அக்கா. அவரைப் பற்றி எழுதும் வேலை இப்போது தங்கையான எனக்கு வந்திருக்கிறது. அவர் மறைந்து ஓராண்டு ஆகியும் கை ஓடவில்லை. முடிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது மதுரை செல்லூரில். அப்பா விசைத்தறிப் பட்டறையில் மேஸ்திரி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் வீட்டில் எல்லோருக்கும் குரல் பெரிது. அக்காவுக்கு மட்டும் சிறியது. பட்டப்படிப்பு முடித்த கையோடு வாடிப்பட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே அவர் பட்டதை உறவினர் பலரும் அறிவீர்கள். இரண்டு முறை பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். இரண்டு முறையும் அப்பா சாப்பிடச் சொல்லி, சாயங்கால பஸ்ஸில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் விட்டார். மூன்றாம் முறை அக்கா வீட்டுக்கு வரவில்லை. தல்லாகுளத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் சேர்ந்து, ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலைக்கு அமர்ந்தார். தன் ஒரே நாவலை அவர் எழுதியது அந்த விடுதியில்தான். கணவன் வீட்டை விட்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதை அது.

அம்மா இறந்த பிறகு எங்களைப் பார்த்துக்கொள்ள அக்கா செல்லூருக்கே வந்துவிட்டார். பழைய பேச்சை அப்பா எடுக்கவில்லை. வேறெந்தப் பேச்சையும் அதிகம் எடுக்கவில்லை.

எழுதியதைவிட அச்சில் பார்க்கத்தான் அதிக வருடங்கள் ஆயின. சென்னையில் ஒரு பதிப்பகம் நாவலை வாங்கி வைத்துக்கொண்டு பதிலே போடவில்லை. நானும் அக்காவும் ரயிலேறிப் போய்க் கேட்டபோது தாள்கட்டைக் காணோம் என்றார்கள். வீட்டிலிருந்த மங்கிய கார்பன் நகலைப் பார்த்து, வேலை முடிந்து வந்த மாலைகளில் அக்கா முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தார்.

அடுத்த பதிப்பாளர் நல்லவர். போடுகிறேன் என்றார். அந்தப் பெண் கடைசியில் கணவனிடமே திரும்புவதாக மாற்றித் தந்தால் போதும், வாசகர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்றார். அக்கா அதற்குள் களைத்திருந்தார். மாற்றிக் கொடுத்தார்.

அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்துப் பேனாவை மூடிவைத்தார்.

"இவளையும் பஸ் ஏத்தி விட்டுட்டேனே" என்றார்.

நான் கோபப்பட்டேன். "அம்புட்டுத் தூரம் வந்துட்டு இப்ப என்னக்கா?" என்றேன். புத்தகம் வேண்டாம் என்று அக்கா பதிப்பாளருக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

பல வருடங்கள் கழித்து, மதுரையிலேயே சின்ன அச்சகம் வைத்திருந்த ஒருவர், அக்கா முதலில் எழுதிய முடிவோடு போட்டார். வெளியீட்டன்று மழை. வந்தவர்கள் முன்வரிசையைக்கூட நிரப்பவில்லை. ஒரு பத்திரிகை மதிப்புரை எழுதியது. அக்காவின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தது. குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் சிலர் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார்கள்.

அப்பா எழுத்துக்கூட்டி வாசிப்பவர். தினமும் சாப்பிட்ட பிறகு புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து வந்தார். நாவலில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு வருவாள். அவளுடைய அப்பா ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைப்பார். அந்த இடத்துக்கு வந்த அன்று அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"இந்தாளு பொட்டிய வாங்கி உள்ள வைக்கிறான். நான் வாங்கலையே தாயி."

"அது கதைப்பா" என்றார் அக்கா.

மறுநாள் அக்கா வேலைக்கு லீவு போட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அப்பா காலமான பின் அக்காவை நோய் பிடித்தது. அடுத்த புத்தகம் எப்போது என்று பார்க்க வந்தவர்கள் கேட்டால், "ஒண்ணுக்கே ஓஞ்சு போச்சு" என்று சிரிப்பார். வலி கூடிய நாட்களிலும் அந்தச் சிரிப்பு இருந்தது. ஒரு விடியற்காலையில் என் கையைப் பிடித்தபடியே அடங்கினார்.

நாவலை நம்பி அச்சிட்ட அச்சகத்தாருக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் கவனித்த நர்சம்மாக்களுக்கும், எனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்த தெருப் பெண்களுக்கும் நன்றி. புத்தகத்துக்காகக் கோபித்துப் போன சொந்தங்களும் கடைசியில் வந்து தோள் கொடுத்தீர்கள். உங்களுக்கும் நன்றி. உங்களில் பலர் அதை இன்னும் படிக்கவில்லை என்று அறிவேன். பிரதிகள் வீட்டில் நிறைய இருக்கின்றன. வந்தால் தருகிறேன்.