பால்கோவா வாங்கப் போன ஞாயிறுகள்

போன வாரம் மகனுடைய நண்பன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வந்தான். டப்பாவைத் திறந்ததும் பால் சுண்டிய வாசனை. எனக்குத் தின்னத் தோன்றவில்லை, சிரிப்புதான் வந்தது. ஒரு காலத்தில் இந்த இனிப்பு என்னுடைய பொய்ச்சாட்சி. நம்ப மாட்டீர்கள், சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்த புதிது. பத்திரமான இடத்தில் அறை கிடைக்காவிட்டால் வேலையே வேண்டாம், ஊருக்கு வந்துவிடு என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு காம்பவுண்டு வீட்டில் போய்க் கேட்டேன். வீட்டுக்கார அம்மாவை அங்கே எல்லோரும் அத்தை என்பார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ வேதக்காரப் பொண்ணா?" முன்பு குடியிருந்த கிறிஸ்தவக் குடும்பத்தைப் பாட்டுச் சத்தம் தாங்காமல் அவர் காலி பண்ணச் சொன்ன கதை ஏற்கெனவே என் காதுக்கு வந்திருந்தது. என் பெயரோ எந்தச் சாமிக்கும் பொருந்துகிற பெயர். "இல்ல அத்தை" என்றேன். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்காவது, குத்திக்காட்ட ஒரு சேவல் கூவியது. எனக்கு அதுவும் இல்லை.

உள்ளூர் சர்ச்சுக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர். வயர்கூடையில் துண்டுக்கு அடியில் பைபிள். கேட்டால், "பால்கோவா வாங்கப் போறேன் அத்தை." சொன்ன பொய்க்கு வாராவாரம் வாங்கியும் வந்தாக வேண்டுமே! காம்பவுண்டே என் கூடைக்காகக் காத்திருக்கும். சரியான இனிப்புப் பைத்தியம் என்று பெயரெடுத்தேன்.

மூன்றாவது வருஷம் ஒரு ஞாயிறு, அத்தை புதுச்சேலை கட்டிக்கொண்டு நின்றார். "ஏட்டி, செத்த நேரம் பொறு, நானும் வாரேன். ஆண்டாளக் கும்பிட்டு நாளாச்சு. அந்தக் கடையவும் காட்டு." அன்று குருத்தோலை ஞாயிறு. ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு தெருவோடு ஊர்வலம் வருவார்கள். எல்லோரும் பார்க்க நடக்க வேண்டுமே என்று பயந்து, அந்த ஒரு ஞாயிறு மட்டும் வருஷாவருஷம் தாமதமாகப் போகிறவள் நான்.

சாமி கும்பிட்டுவிட்டு வந்து அத்தை பால்கோவா நிறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஊர்வலத்தின் ஓசன்னா பாட்டு கேட்டது. முன்னால் வந்த போதகரின் மனைவி என்னைக் கண்டதும், "வாம்மா, ஏன் அங்கயே நிக்க?" என்று ஓர் ஓலையை நீட்டினார். அத்தை திரும்பிப் பார்த்தார்.

ஆள் மாறிக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னால் அறை மிஞ்சும், வேலையும் மிஞ்சும். மூன்று வருஷமாக அப்படித்தானே மிஞ்சியது? ஓலையை வாங்கினேன்.

"அத்தை, நான் வேதக்காரி. வாராவாரம் பால்கோவாவுக்கு வரல, சர்ச்சுக்குத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு ஊர்வலத்தோடு நடந்தேன். எனக்குச் சுருதி சேரவே சேராது. அன்றைக்குத் தெருவே கேட்கப் பாடினேன். இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் அத்தை காத்திருந்தார். "நீ எந்தச் சாமியக் கும்பிட்டா எனக்கென்ன? மூணு வருசம் எங்கிட்டப் பொய் சொன்னேல்ல, மாசக் கடைசில காலி பண்ணிரு." வீடு திரும்பியதும் ஓலையைச் சிலுவையாக மடித்து அறைக் கதவில் மாட்டினேன். அந்த மிச்ச நாட்களில்தான் அங்கே நிமிர்ந்து குடியிருந்தேன். அடுத்து வாடகைக்குப் பார்த்த வீட்டின் சொந்தக்காரரிடம் அவர் கேட்கும் முன்பே, "நான் வேதக்காரி" என்றேன். "அதுக்கென்ன, தண்ணிதான் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்" என்றார் அந்த மனிதர்.

அந்தக் காம்பவுண்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு நடை போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டே இருந்தேன், போகவில்லை. பொய் சொன்னது இன்றும் உறுத்துகிறது. ஓலையைக் கையில் வாங்கியதற்கு மட்டும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.