காதருகே ஒரு மடிப்பு

தட்டக்கா படலத்தின் ஓரத்தைக் காதருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மடிக்கிறார். ‘சடக்’ என்றால் உதட்டைப் பிதுக்கிக் கூடையில் போடுகிறார். சத்தமில்லாமல் விரலில் ஒட்டினால், “இது தண்ணியப் பாத்ததும் அழுதுடும்” என்று அதையும் போடுகிறார். இரண்டுக்கும் நடுவே மெல்லிய சரசரப்புக் கேட்டால்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அன்று நிம்மதியாகத் தேநீர்.

மரவள்ளி மாவிலிருந்து பொட்டலம் கட்டும் படலம் செய்கிறோம். கூழைக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைப்பது இவர்; அதனால் தட்டக்கா. என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் எனக்கும் அக்காதான். மாவின் இழைகள் தனித்தனியே கிடந்தால் படலம் நீரில் கரையும். எலுமிச்சை உப்புச் சேர்த்துச் சூடுகாட்டினால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து நீரைத் தாங்கும். பிணைப்பு மிஞ்சினால் வளையாது, உடையும். இதை நான் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அக்காவுக்குத் தன் வீடே போதும்: “எங்க வீட்ல ஏழு பேர் சார். கை கோத்துக்கிட்டா ஆத்தையே கடக்கலாம். ஆளாளுக்கு இடுப்பக் கட்டிக்கிட்டா ஒருத்தரும் நகர முடியாது.”

அவரிடம் ஒரு கிறுக்கும் உண்டு. எத்தனை தட்டு கேட்டாலும் “நமக்கு ஒண்ணு” என்று ஒன்று கூடுதலாக ஊற்றுவார். அதை மட்டும் நான் குறித்த நேரத்தில் அடுப்பிலிருந்து எடுக்கமாட்டார். தன் மூக்கு சொல்லும்போது எடுப்பார். எத்தனையோ முறை கடிந்துகொண்டிருக்கிறேன்.

போன மாதம் இறுதிச் சோதனை. தேறாவிட்டால் ஆறு வருட ஆய்வை இழுத்து மூடிவிடுவார்கள். முந்தைய படலங்கள் நீரில் கரைந்த பயத்தில் எலுமிச்சை உப்பையும் கூட்டினேன், அடுப்பு நேரத்தையும் கூட்டினேன். புத்திசாலி இல்லையா நான்! பரிசோதகர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்பது படலங்களும் இழுவை எந்திரத்தில் சருகாய் நொறுங்கின.

பின்னாலிருந்து பத்தாவது தட்டு நீண்டது. “பாதியிலேயே எடுத்துட்டேன். திட்டாதீங்க சார்.”

அது வளைந்தது, இழுபட்டது, ஒரு மணி நேரம் நீரில் கிடந்தும் கலையவில்லை. எப்போது எடுத்தது என்று கேட்டார்கள். தட்டின் அடியில் ஒட்டிய தாள்துண்டில் அக்கா பென்சிலால் நிமிடம்வரை எழுதி வைத்திருந்தார். ஆய்வு பிழைத்தது. எனக்குத்தான் நன்றி சொல்ல வாய் வரவில்லை.

நேற்று அறிக்கை அச்சாகி வந்தது. நன்றிப் பக்கத்தில், எல்லாருக்கும் முன்னால், அவர் பெயர். பக்கத்தைத் திறந்து நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு தாளின் ஓரத்தைக் காதருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மெல்ல மடித்தார்.