அண்ணாவின் ஈரலும் நான் சொல்லாத பதிலும்

அண்ணாவின் கண் மஞ்சளாகியிருந்ததை முதலில் கண்டது அண்ணிதான். செங்கமாரி என்று நினைத்து உப்பில்லாத சாப்பாடு கொடுத்து வீட்டில் வைத்துப் பார்த்தா. பத்து நாளாகியும் மஞ்சள் இறங்கவில்லை. அவர்கள் இருக்கிற கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வைரஸ் என்றார் ஒரு டொக்டர். மூட்டுவலிக்கு அண்ணா மூன்று மாதமாகக் குடித்துவந்த கஷாயம் என்றார் இன்னொருவர். எதனால் வந்தது என்று கடைசிவரை எவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அண்ணாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் மொத்த வியாபாரத்தைப் பார்க்கிறவர். குடி, சிகரெட் ஒன்றும் கிடையாது. பிள்ளைகளும் இல்லை. நான் அவருடைய ஒரே தங்கச்சி, எட்டு வயது இளையவள். நான் ஒரு கத்தோலிக்கரைக் கல்யாணம் செய்தபோது அண்ணா கோயிலுக்கும் வரவில்லை, சாப்பாட்டுக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டில்தான் "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதிலிருந்து தீபாவளிக்கும் வருசப்பிறப்புக்கும் வந்துபோவோம். பழசை இருவரும் எடுப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் காலை அண்ணி எனக்கு அழைப்பெடுத்தா.

"இவர் என்னோட சிங்களத்தில கதைக்கிறார். நான் தமிழ்ல கேக்கிறன், அவர் சிங்களத்தில மறுமொழி சொல்றார். கடையில நிக்கிறன் எண்டு நினைக்கிறார் போல."

அன்று மத்தியானமே அவரை களனிக்கு அப்பால், ஈரல் நோய்க்கென்று தனிப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நான் வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போய்ச் சேர இரண்டு மணித்தியாலமானது. நான் உள்ளே போனபோது ஒரு பெண் டொக்டர் அண்ணாவின் கட்டிலருகே நின்றா. இளம் வயது, சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகவே கதைத்தா.

"பஸ்ஸை நிப்பாட்டுற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க."

அண்ணா நீட்டினார். கைகள் அப்படியே நிற்கவில்லை. காற்றில் துணி அடிபடுகிற மாதிரி மணிக்கட்டு விழுந்து விழுந்து எழும்பியது. டொக்டர் எழுதிக்கொண்டா.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"போயா தினம்."

அன்று போயா இல்லை, பௌர்ணமி விடுமுறைக்கு இன்னும் நாள் இருந்தது.

"இவங்க யாரு?" என்று என்னைக் காட்டினா.

அண்ணா என்னை நன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "என்ட தங்கச்சி. சின்னப்பிள்ளை. ரோட்டால தனிய விடாதேங்கோ, வாகனம் கூட."

டொக்டர் என்னைப் பார்த்தா, பிறகு தாளைப் பார்த்து ஏதோ எழுதினா. அதைப் பிழையான விடையாக எழுதினாவா, பாதிச் சரியாக எழுதினாவா தெரியாது. எனக்கு அழுகை வந்தது. பதினொரு வருடம் கதைக்காத ஆளுக்கு இப்போதுதான் நான் தங்கச்சியாகத் தெரிகிறேன், அதுவும் மூளை குழம்பின பிறகு.

வெளியே ஒரு சின்ன அறையில் எங்கள் இருவரையும் இருத்தி டொக்டர் விளங்கப்படுத்தினா. ஈரல் வேலை செய்யாததால் உடம்பின் கழிவு மூளைக்கு ஏறுகிறது. அந்தக் குழப்பத்தில் இப்போது இரண்டாம் படி. ஈரல் தானாகத் திரும்பி வரவும் கூடும், வராமலும் போகலாம். மூன்றாம் படிக்குப் போனால்தான் மாற்று ஈரல் வைப்பார்கள். அதையும் தாண்டி மூளை வீங்கினால் மாற்று ஈரல் வைத்தும் பயனில்லை. அதனால் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பார்ப்போம் என்றா.

அண்ணி கேட்டா: "அப்ப டொக்டர், இவருக்கு நோய் கூடவேணுமெண்டு கும்பிடுறதா, குறையவேணுமெண்டு கும்பிடுறதா?"

டொக்டர் அண்ணியின் பக்கம் திரும்பினா. "குறையோணும் எண்டு கும்பிடுங்க. ஆனா நாங்க கூடும் எண்டு நினைச்சு ஆயத்தமாகோணும்."

இறந்தவர் ஒருவருடைய ஈரல் இந்த இரண்டு மூன்று நாளுக்குள் கிடைப்பது நிச்சயமில்லை. உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் தன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுக்கலாம். அண்ணியின் இரத்தம் பொருந்தாது. எனக்கும் அண்ணாவுக்கும் ஒரே வகை. அதை டொக்டர் சொல்லமுன்னமே அண்ணி என் கையைப் பிடித்துவிட்டா. பிடித்த கையை அன்று பின்னேரம்வரை விடவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

"செக் பண்ணிப் பாருங்கோ," என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அண்ணிக்கு அது சம்மதமாகக் கேட்டது.

அடுத்த நாள் முழுக்க எனக்குப் பரிசோதனை. பத்துப் பதினைந்து குப்பியில் இரத்தம். நெஞ்சுப் படம். பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து ஸ்கேன். சர்க்கரை இருக்கா, குடிக்கிறதா, எத்தனை பிள்ளை, என்ன ஒப்பரேசன் செய்திருக்கிறது என்று மூன்று பேர் மூன்று முறை கேட்டார்கள். ஒவ்வொரு அறைக்குள் போகும்போதும் இங்கே ஏதாவது பிழை பிடிபடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட எதிர்பார்த்தேன் என்பதுதான் சரி. ஈரலில் கொழுப்பு இருந்தால் எடுக்கமாட்டோம் என்று ஸ்கேன் எடுத்தவர் சொன்னபோது, நான் சாப்பிட்ட கொத்துரொட்டியெல்லாம் கணக்கில் வரட்டும் என்று மனம் ஓடியது. அடுத்த நிமிடமே அண்ணா பள்ளிக்கூடத்துக்கு என்னை சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுபோனது ஞாபகம் வந்து என்னையே நான் வெறுத்தேன்.

கணவருக்கு அழைப்பெடுத்தேன்.

"நீ என்ன முடிவெடுத்தாலும் நான் உன்னோடதான்," என்றார்.

நல்ல மனிதர். ஆனால் அன்று எனக்கு அந்தப் பதில் உதவவில்லை. வேண்டாம் என்றோ கொடு என்றோ ஒன்றைச் சொல்லியிருந்தால் அவரோடு சண்டையாவது பிடித்திருப்பேன். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தா. போனை வாங்கி, "அம்மா, அது திரும்ப வளருமாம். நான் வாசிச்சனான்," என்றா.

புது ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலை, என் ஈரல் நல்லது என்று சொன்னார்கள். கொழுப்பில்லை, இரத்தக் குழாய்கள் நன்றாகப் பிரிகின்றன, வலப்பக்கத்துப் பெரிய பங்கை எடுக்கலாம். அதே காலை அண்ணா இன்னும் மோசம். எழுப்பினால் கண்ணைத் திறப்பார், உடனே மூடிவிடுவார். என்னைக் காட்டி யார் என்று கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பின்னேரம் இரண்டு மணியளவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அண்ணி கூடவே எழும்பினா. தாதி, "அவங்க மட்டும்," என்றா. உள்ளே ஒரு வயதான முஸ்லிம் டொக்டர் இருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மகள், நான் உங்கட அண்ணனுக்கு டொக்டர் இல்ல. நான் உங்களுக்கு மட்டுந்தான். அங்க என்ன நடக்குது எண்டு எனக்குத் தேவையில்ல. விளங்குதா?"

"ஓம்."

ஒப்பரேசனில் எனக்கு என்ன நடக்கலாம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். உயிர் போகிற ஆபத்து சின்னது, ஆனால் இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"உங்களுக்கு விருப்பமில்லாட்டி இப்ப எனக்கிட்டச் சொல்லுங்க. வெளிய நாங்க 'இவங்கட ஈரல் பொருந்தாது' எண்டு மட்டும் சொல்லுவம். வேற ஒண்டும் சொல்லமாட்டம். உங்கட அண்ணிக்கோ, வீட்டுக்காரருக்கோ, ஒருத்தருக்கும் தெரியவராது. இது எல்லாருக்கும் நாங்க குடுக்கிற வழி."

இப்படி ஒரு கதவு இருக்குமென்று நான் நினைத்திருக்கவில்லை. அதுவரை கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும் அல்லது எல்லோர் முன்னாலும் மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றே நினைத்தேன். இரண்டாவதை என்னால் செய்ய ஏலாது. ஆகவே கொடுக்கப்போகிறேன் என்று இருந்தேன். இப்போது எவருக்கும் தெரியாமல் இல்லை என்று சொல்லலாம் என்றதும், எனக்குள் இருந்த சம்மதம் என்னுடையதா, அண்ணி பிடித்த கையுடையதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பதினொரு வருடக் கோபம் இன்னும் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மகளின் முகம் வந்தது. வாகனம் கூட, தனிய விடாதேங்கோ என்ற அண்ணாவின் குரலும் வந்தது.

"நாளைக்குக் காலையில சொல்லட்டா?"

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "அண்ணன்ட நிலைமைக்கு அவ்வளவு நேரம் இருக்குமா தெரியாது. எண்டாலும் உங்கள அவசரப்படுத்துறது என்ட வேலை இல்ல. காலையில ஏழு மணிக்கு நான் இங்க இருப்பன்."

வெளியே அண்ணி, "சைன் பண்ணிட்டியா?" என்று கேட்டா. நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அண்ணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதா.

மறுநாள் ஏழுக்கு முன்னமே நான் அந்த அறை வாசலில் நின்றேன். என்ன சொல்வதென்று அப்போதும் தெரியாது. அவர் வாயிலிருந்து கேள்வி வரும்போது என் வாயில் ஏதோ ஒன்று வரும், அதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் வருவதற்குள் அந்தப் பெண் டொக்டர் அரை ஓட்டமாக வந்தா.

"இரத்தம் உறையிற நேரம் குறைஞ்சிருக்கு. முதல் தரமாக் குறைஞ்சிருக்கு, நல்ல அறிகுறி. கொஞ்சம் பொறுப்பம். ஒப்பரேசனுக்கு இப்ப அவசரப்படத் தேவையில்ல."

அன்று பின்னேரம் இன்னும் குறைந்தது. அதற்கடுத்த நாள் அண்ணா தமிழில் தண்ணி கேட்டார். ஈரல் தானாகத் திரும்பத் தொடங்கிவிட்டது. வயதான டொக்டர் என்னைக் கண்டபோது சிரித்தார். "இனி எனக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்ல, மகள்," என்றார். பெரிய சந்தோசம்தான். ஆனால் படியில் இறங்கும்போது காலுக்குக் கீழே ஒரு படி இல்லாதது போல இருந்தது. அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இனி எவரும் கண்டுபிடிக்க முடியாது. நானும்தான்.

மூன்று கிழமையில் அண்ணா வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. வருகிற ஆட்களுக்கெல்லாம் அண்ணி ஒரே கதையைச் சொன்னா: தங்கச்சி ஈரலைக் குடுக்க சைன் பண்ணிட்டு நிண்டவ. நான் சைன் பண்ணவில்லை என்று திருத்த வாயெடுப்பேன், அதற்குள் ஆட்கள் என்னைப் பாராட்டத் தொடங்கிவிடுவார்கள்.

போன ஞாயிறு நானும் கணவரும் போயிருந்தோம். அண்ணா என் கணவரைத் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னார். இருபது வருடத்தில் அது முதல் தடவை. பிறகு என்னிடம் திரும்பினார்.

"எனக்காக நீ ஓம் எண்டு சொன்னியாம்."

"இல்லை அண்ணா. நான் ஓம் எண்டு சொல்லேல்ல. நாளைக்குச் சொல்றன் எண்டுதான் சொன்னனான்."

அண்ணி குசினி வாசலில் நின்றுவிட்டா. அண்ணா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமா என்று பார்த்தேன். தெரியவில்லை.

"நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்," என்றார் கடைசியில்.

அதைச் சமாதானத்துக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா? வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.