அக்காவுக்கு இரவல் வாங்கிய புர்கா

இந்த ஊரில் அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறோம். லாண்டரெட் என்று பெயர். சுவரோரம் வரிசையாக இயந்திரங்கள். காசு போட்டால் அவையே துவைக்கின்றன. முடியும்வரை முன்பின் தெரியாதவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரர் உள்ளாடை கண்ணாடிக்குள் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவரும் பேசமாட்டார்கள். ராயபுரத்துக் குழாயடியில் சண்டையும் சிரிப்புமாகத் துணி துவைத்த எனக்கு, இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடமாகியும் அந்த அமைதி பழகவில்லை.

போன மாதம் அந்த அமைதியை உடைத்தவர் டோரீன். கம்பளி ஆலையில் வேலை பார்க்கும் அம்மாள். என் முக்காட்டைப் பார்த்துவிட்டு, காது கேளாதவரிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: “வெளியே வர உன் கணவர் விடுகிறாரா?” கதவைத் திறந்துவிடுவதைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “இல்லை, அவர் தூங்குகிறார். சத்தம் போடாமல் வந்துவிட்டேன்” என்றேன். நைட் ஷிஃப்ட் முடித்தவரை எழுப்ப வேண்டாமே என்பது என் எண்ணம். டோரீனின் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு, தான் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை என் மடியில் வைத்தார். அதில் ஒரு படம்: ஏதோ ஒரு பாலைவன நாட்டுப் பெண்கள், கண் மட்டும் தெரியக் கறுப்புத் துணிக்குள். “உங்கள் பெண்கள்” என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில். எனக்கு அந்த நாடும் தெரியாது, அந்தப் பெண்களும் தெரியாது. ஆனால் அதுபோன்ற படம் ஒன்று எப்படி எடுக்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். எடுக்க உதவியவள் நான்.

என் அக்கா ஜுலைகா, காசிமேட்டுப் பக்கம் ஒரு குடோனில் கோணி தைத்துக்கொண்டிருந்தாள். எட்டாவதுவரை படித்தவள். அவள் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். புருஷன் காதர், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் டிரைவர். அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், மூன்று வரிக் கடிதத்தில் தலாக் சொல்லி அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். ஆறு வயது மகள் மைமூனைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். புருஷன் போனதற்கு அக்கா இரண்டு நாள்தான் அழுதாள். மூன்றாம் நாள் முகம் கழுவிக்கொண்டு பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் ஆளனுப்பிக் கேட்டாள். பெண்பிள்ளை வயதுக்கு வரும்வரை தாயிடம் இருப்பதுதான் மார்க்கம் என்று அவர் சொல்லியனுப்பினார்.

பள்ளிவாசல் பஞ்சாயத்தான ஜமாஅத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. அவளுக்காக எங்களைப் பெற்ற அத்தா பேசினால் போதும் என்றார்கள். அக்கா கேட்கவில்லை. “பெத்தது நானு, பேசறது வேற ஆளா?” என்று வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போய் வாசற்படியில் நின்று பேசினாள். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி முகம் சுளித்தாலும் கடைசியில் இறங்கி வந்தார். “வர்ற வெள்ளிக்கெயம பேசி முடிச்சுடலாம்மா. புள்ள ஒங்கிட்டதான் வரும்.”

எனக்குத்தான் பொறுமை இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வாரப் பத்திரிகைகளே கதியென்று கிடந்த வயது. முத்தவல்லி வாக்கு மாறினால் என்ன செய்வது என்ற பயத்தில், அக்காவிடம் சொல்லாமல் ஒரு வாரப் பத்திரிகைக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். மூன்றாம் நாளே ஒரு நிருபரும் போட்டோகிராபரும் வந்துவிட்டார்கள். மரியாதையான மனிதர்கள். அக்கா டீ போட்டுக் கொடுத்து, ஒளிக்காமல் பேசினாள். “மார்க்கத்துல எனக்கு உரிமை கீது, சார். அத்த குடுக்காம இஸ்துகினு போறது இந்த ஆம்பளைங்கதான்.” நிருபர் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

படம் எடுக்கும்போதுதான் சிக்கல். “வெள்ளையா இருந்தா முஸ்லிம்னு தெரியாதும்மா. கறுப்பு புர்கா இல்லையா?” என்றார் போட்டோகிராபர். எங்கள் வீட்டில் யாருக்கும் புர்கா கிடையாது. நான்தான் அடுத்த தெருவுக்கு ஓடி, உருது பேசும் ஒரு வீட்டில் இரவல் வாங்கி வந்தேன். அது அக்காவுக்கு ஒரு முழம் நீளம்.

“இன்னாடி சபியா, நாடகமா கீது?” என்று அவள் சிரித்தாள்.

“சிரிக்காதீங்கம்மா” என்றார் போட்டோகிராபர்.

“சிரிச்சா இன்னா சார்? மூஞ்சிதான் தெரியலியே!”

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. ‘கறுப்புத் திரைக்குள் கண்ணீர்’ என்று தலைப்பு. எழுத்தறியாத பேதை என்று எழுதியிருந்தார்கள். இரவு பகலாக அழுகிறாளாம். ‘இந்த மதம் எனக்கு ஒரு சிறைச்சாலை’ என்று விம்மினாளாம். மைமூனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அக்கா அதே வாசற்படியில் நின்றாள். பின்னால் நான். முத்தவல்லியின் மடியில் அந்தப் பத்திரிகை.

“மார்க்கத்த செயிலுன்னு சொல்லிட்ட. அப்பறம் மார்க்கப்படி புள்ளையக் கேக்கறியா?”

“நான் அப்டி சொல்லல, பாய்.”

“அச்சுல கீதேம்மா.”

“அச்சுல இருந்தா? என் வாயி இங்க கீது, என்னக் கேளுங்க!”

யாரும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த ஹஜ்ரத் தலை நிமிரவில்லை. எழுதிப் போட்டது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரைச் சந்தி சிரிக்க வைத்தவளிடம் பிள்ளையைக் கொடுப்பதற்கில்லை என்று முடிவாயிற்று. காதர் வாயே திறக்கவில்லை. அவனுக்குத் திறக்கும் அவசியமும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் பத்திரிகையை மறுபடி ஒருமுறை முழுதும் படித்தாள். பிறகு மறுப்புக் கடிதம் ஒன்றை நாலு பக்கம் தன் கையால் எழுதினாள். அடுத்த வாரம் இருவரும் பத்திரிகை ஆபீசுக்குப் போனோம். நிருபர் எங்களை மறந்துவிடவில்லை. மகிழ்ச்சியோடு ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்துக் காட்டினார். “பாருங்கம்மா, எத்தனை பேர் உங்களுக்காகக் கண்ணீர் விட்டிருக்காங்க!”

“இதுல ஒருத்தராவது எம் புள்ளையக் குடுக்கச் சொல்லிக் கேட்டுக்கீறாங்களா?” என்றாள் அக்கா. அவர் அந்தக் கட்டைத் திரும்ப மேசைக்குள் வைத்தார். அவள் கடிதத்துக்கு இடமில்லை என்றார். அது வரவேயில்லை.

அடுத்த மாதமே காதர் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை தேடிக்கொண்டு மைமூனோடு போய்விட்டான். ரயில் போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் ஒரு வக்கீல். ஆனால் அத்தா படுக்கையில் விழுந்துவிட்டார். அக்கா தனியாக இரண்டு முறை விசாகப்பட்டினம் போனாள். முதல் முறை மகளை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டாம் முறை அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். திரும்பி வந்து மறுநாள் காலை கோணி தைக்கப் போனாள். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு தெருமுனைக்குக் கேட்டு நான் அறியேன்.

இத்தனை வருடம் இதை எழுதாததற்குக் காரணம் வெட்கம் மட்டுமல்ல. அக்காவுக்கு நடந்ததை இங்கே சொன்னால், டோரீனின் பத்திரிகைக்கு இன்னொரு கறுப்புப் படம் கிடைக்கும். கடைத்தெருவில் எங்களைப் பார்த்துக் காறித் துப்பும் பையன்களுக்கு இன்னொரு நியாயம் கிடைக்கும். சொல்லாவிட்டால், முத்தவல்லிகளுக்கு இன்னொரு வெள்ளிக்கிழமை கிடைக்கும். இரண்டுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடிய வாயால் அக்காவுக்கு ஆனது ஒன்றுமில்லை.

இதை எழுதலாமா என்று போன மாதம் அக்காவிடம் கேட்டிருந்தேன்; இந்த வாரம் அவள் கடிதம் வந்தது. “மைமூனுக்கு நிக்காஹ் ஆயிடுச்சாம். ஆர்பர்ல ஒர்த்தர் சொன்னாரு. யாரும் எனக்குச் சொல்லல. நீ எழுதப் போறேன்னா எழுது. என் பேரப் போடு. நான் கேட்டத கேட்ட மாதிரி போடு.” அவள் பெயரைப் போட்டுவிட்டேன். அவள் கேட்டதையும் போட்டுவிட்டேன்.

கடிதத்தைப் படித்துவிட்டுத் தொழுகைக்குப் பாய் விரித்தேன். இந்த நாட்டில் தொழும்போது நோக்கும் கிப்லா தென்கிழக்கில், ஊரில் மேற்கே. மனம் சரியில்லாத நாட்களில் என் கால்கள் இன்னமும் மேற்கே திரும்பிவிடுகின்றன. அன்றும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். கணவர் வந்து தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டார். திரும்பி நின்றபோது தோன்றியது: ராயபுரத்தில் அக்கா மேற்கே பார்த்து நிற்பாள்; நான் இங்கிருந்து கிழக்குப் பக்கமாகப் பார்த்து நிற்கிறேன். நடுவில் மக்கா. எதிரும் புதிருமாகத்தான் நிற்கிறோம். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கப் பயந்து, சீக்கிரமே குனிந்துவிட்டேன்.